சொல்லும் பொருளும்: அடிதடியா, கைகலப்பா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். தெருக் குழாயடியில் இரண்டு பேர் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டு, கட்டுரையில் ‘அடிதடி நடந்தது’ என்று எழுதினாள். ஆசிரியை அதை அடித்துவிட்டுக் ‘கைகலப்பு’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானே? அடிதடி என்பது கொச்சையான சொல்லா? ரகளை, கலாட்டா என்றும் சொல்கிறோமே, அவையெல்லாம் தமிழா?
(பள்ளத்தூர் வாசகி)

பதில்: கொச்சை இல்லை, தங்கச்சி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குழாயடியில் அன்று என்ன நடந்தது என்பதை உங்கள் மகளிடம் கேளுங்கள். குடத்தைப் பிடித்து இழுத்து, ஒருவரை ஒருவர் தள்ளி, கையை முறுக்கியதோடு நின்றிருந்தால் அது கைகலப்பு. கையோடு கை கலந்துவிட்டது, யார் கை எது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்குக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். அடிதடி அப்படியில்லை. ‘பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று அடிதடியில் இறங்கிவிட்டான்’ என்று ஒருவனைப் பற்றியும் சொல்லலாம். அந்தச் சொல்லில் அடி விழுந்திருக்க வேண்டும். விழுந்த அடி கொஞ்சம் பலமாகவும் இருக்க வேண்டும்.

அடிதடியில் வரும் தடி, கம்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ‘தடிதல்’ என்று பழைய வினைச்சொல் ஒன்றும் உண்டு. வெட்டி வீழ்த்துவது என்று பொருள். முருகன் சூரனின் மாமரத்தை வெட்டியதைத் திருமுருகாற்றுப்படை ‘மாமுதல் தடிந்த’ என்று சொல்கிறது. எப்படிப் பார்த்தாலும் அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆயுதத்தின் நிழல் விழுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிவகங்கையில் ஓர் அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பல வருடங்கள் மனு எழுதிக் கொடுத்தவன் நான். ஒருநாள் நாட்டரசன்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். பெரிய வீடு, பல பங்காளிகளுக்குப் பொது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், யார் நெல் காயவைப்பது என்று ஆச்சியின் மகனுக்கும் பெரியப்பா மகனுக்கும் பேச்சு முற்றியிருக்கிறது. சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். கிழிந்த சட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது, ஒரு பித்தானைக் காணோம். “அடிதடியாப் போச்சுங்க தம்பி” என்றார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

விசாரணையில் மனுவை வாசித்த ஏட்டு, “தடி எங்கே?” என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா மகன் எழுந்து நின்று, “நான் தம்பி மேல தடியெடுத்தேன்னா எழுதிக் குடுத்திருக்கீங்க?” என்று கேட்டாராம். சட்டை கிழிந்ததை அவர் மறுக்கவே இல்லை. அந்த ஒரு சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த தையில் கண்ணுடைய நாயகி அம்மன் கோவில் செவ்வாய்ப் பொங்கலுக்கு இரண்டு பேரும் அவரவர் பானையோடு வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆச்சி இதைச் சொல்லி என் முன்னால் அழுதார்கள். ‘கைகலப்பு’ என்று நான் எழுதியிருக்க வேண்டும். அது என் பிழை.

சட்டமும் இப்படித்தான் அளந்து பார்க்கிறது. இரண்டு பேரோ அதற்கு மேலோ பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைத்தால் அது தனிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 159ஆம் பிரிவாக இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 194. ஐந்து பேருக்குக் குறையாமல் சட்டவிரோதமாகக் கூடி வன்முறையில் இறங்கினால் கலகம். குழாயடி பொது இடம், வீட்டு வளவு அப்படியில்லை. அதனால் எங்கே, எத்தனை பேர், கையில் என்ன இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் பிறகு நான் மனுவில் பேனாவை வைத்தேன்.

மற்ற சொற்களுக்கு வருகிறேன். குடித்துவிட்டு வந்து தெருவில் நின்று ஒருவன் தனியாகக் கத்தினாலே ரகளைதான், யார் மேலும் கை படவேண்டியதில்லை. கன்னடத்திலும் ‘ரகளெ’ என்றால் தொந்தரவு, தொல்லை. கலாட்டாவும் கன்னடம், தெலுங்கிலெல்லாம் புழங்கும் சொல். அதில் சந்தோஷமும் உண்டு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கலாட்டா செய்யாமல் விடுவோமா? தகராறு அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. அரபியில் ‘தக்ரார்’ என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது. பங்காளிச் சண்டையை ஒரு தடவை பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு இந்தப் பொருள் உடனே விளங்கும்.

பேச்சில் நம் ஊர்க்காரர்கள் நுட்பமாகத்தான் பிரிக்கிறார்கள். பந்தி இலைக்கு முண்டினால் தள்ளுமுள்ளு. அரிவாள் வந்துவிட்டால் வெட்டுக்குத்து. உங்கள் மகள் பார்த்தது தள்ளுமுள்ளாகவே இருந்தால், ஆசிரியை எழுதியதும் கொஞ்சம் கூடுதல்தான்.

கேள்வி: ‘உட்கட்சிப் பூசல்’ என்று செய்தித்தாளில் போடுகிறார்கள். பூசல் என்றாலும் சண்டைதானா?
(தேவகோட்டை வாசகர்)

பதில்: இன்றைக்குச் சண்டைதான். ஆனால் அடி விழாத சண்டை, உள்ளுக்குள் புகைவது. பழைய இலக்கியத்தில் பேரொலி, ஆரவாரம், போர் என்றெல்லாம் வரும். எனக்குப் பிடித்த இடம் 71ஆம் குறள்: ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்.’ அன்பைத் தாழ்ப்பாள் போட்டு அடைக்க முடியுமா, அன்புடையவரின் கண்ணீரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார் வள்ளுவர். அங்கே பூசல் தருவது கண்ணில் கட்டிய நீர். சத்தமே இல்லாமல் வழிவதை ஊரறிய முழங்குவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்தச் சொல்லில் நான் நின்றுவிடுகிறேன்.

கேள்வி: ‘கலாய்க்கிறான்’ என்று என் பேரன் பேசுகிறான். இது புதுச் சொல்லா?
(காரைக்குடி வாசகர்)

பதில்: சொல் பழசு, பொருள்தான் புதுசு. அகராதியில் கலாய்த்தல் என்றால் சினத்தல், சண்டையிடுதல். கலாம் என்றால் போர், சச்சரவு. பிள்ளைகள் அதிலிருந்த கோபத்தை எடுத்துவிட்டுச் சிரிப்பை வைத்திருக்கிறார்கள். பேரனைத் திருத்த வேண்டாம், ஐயா. அகராதியை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.