மச்சானுக்காக வைத்த நகையும் மகளின் வேதியியல் பட்டமும்

கேள்வி: ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் 30,000 வருகிறது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகள் வேதியியல் டீச்சர் ஆக வேண்டும் என்கிறாள். தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து, மஞ்சள் தண்ணீரில் சோப்பைக் கரைத்துச் சிவக்க வைத்துப் பாடம் எடுப்பாள். ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி., பி.எட். சேர்ந்த நான்கு வருடப் படிப்பு இருக்கிறது, வருடம் ஒன்றரை லட்சம். 6 லட்சம் கல்விக் கடன் வாங்கலாமா? தெரிந்த ஏஜென்ட் ஒருவர் மாதம் 5,000 யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போடச் சொல்கிறார், அது படிப்புக்கு உதவுமா? மச்சான் கடைக்காக நான்கு வருடம் முன்பு 2 லட்சத்துக்கு வைத்த 11 பவுன் நகையை வருடா வருடம் மாற்றி வைத்து வருகிறோம், அது வேறு கணக்கு.

பதில்: அது வேறு கணக்கு இல்லை சார். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்க விடாத வரி அதுதான், கல்விக் கடனைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அடகுச் சீட்டின் நகலை அனுப்பியிருந்தீர்கள். ஆரம் ஒன்று, வளையல் நான்கு, நெக்லஸ் ஒன்று, ஜிமிக்கி ஒரு ஜோடி. வட்டி 18 சதவீதம். வட்டியைக் கையிலிருந்து கட்டாமல், தங்கம் விலை ஏறிய தைரியத்தில் ஒவ்வொரு வருடமும் அதே நகையைக் கூடுதல் தொகைக்கு வைத்து, அந்தப் பணத்திலேயே பழைய கடனையும் வட்டியையும் முடித்திருக்கிறீர்கள். கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாததால் வலி தெரியவில்லை. 2 லட்சம் முதல் வருடம் 2.36 ஆனது, பிறகு 2.78, பிறகு 3.29, இப்போது ஏறத்தாழ 3.88 லட்சம். மச்சானுக்குப் போனது 2 லட்சம்தான். மீதி 1.88 லட்சம் யாருக்கும் பயன்படாமல் வட்டியாகப் போய்விட்டது. இப்படியே விட்டால் மகள் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடிக்கும் 7 வருடத்தில் அது 12 லட்சத்தைத் தாண்டும். அவள் ஜிமிக்கியும் அடகுக் கடைப் பையில்தான் கிடக்கும்.

சரி, படிப்புக்கு எவ்வளவு ஆகும்? அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் என்றால் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்கள்தான். பஸ், புத்தகம், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு எல்லாம் சேர்த்துத் தாராளமாக 25,000 போடுங்கள், 3 வருடத்துக்கு 75,000. உங்கள் நகைக் கடனின் இந்த ஒரு வருட வட்டி மட்டும் 70,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வீட்டில் காட்டுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். எம்.எஸ்சி. 2 வருடத்துக்கு 80,000, பி.எட். 2 வருடத்துக்கு 1.2 லட்சம் என்று வைத்தாலும் மொத்தம் 2.75 லட்சத்தில் முடிகிறது.

எம்.எஸ்சி. எதற்கு என்பீர்கள். அந்தக் கல்லூரிக்காரர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம்தான், வேதியியல் தனியாகப் பிரிவது பிளஸ் ஒன்னில். அங்கே பாடம் எடுப்பவர் முதுகலை ஆசிரியர். அரசுப் பள்ளியில் அந்த வேலைக்கு எம்.எஸ்சி. வேதியியலும் பி.எட்.டும் வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அடிப்படைச் சம்பளம் 36,900-ல் தொடங்குகிறது. 6 லட்சம் கொட்டி நான்கு வருடம் படித்தால் மிச்சமாவது ஒரு வருடம்தான், எம்.எஸ்சி. அதற்கு மேலும் பாக்கி நிற்கும். நான்கு வருடப் படிப்புதான் வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டால், மைசூரில் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் மண்டலக் கல்வி நிறுவனத்தில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வை எழுதட்டும். கிடைத்தால் அருமை.

6 லட்சம் கல்விக் கடன் வேண்டாம். படிக்கும்போது ஓடும் வட்டியையும் சேர்த்தால், 11 சதவீதத்தில் அவள் வேலைக்குப் போகும் நாளில் 8 லட்சத்துக்கு மேல் நிற்கும். பத்து வருடத் தவணை மாதம் 11,000-க்கு மேல். ஆசிரியர் தேர்வு ஒவ்வொரு வருடமும் வருவதில்லை. அதுவரை தனியார் பள்ளியில் 15,000 சம்பளம் வாங்கும் பெண் இதை எப்படிக் கட்டுவாள்? பி.எட்.டுக்குப் பணம் துண்டு விழுந்தால் அப்போது ஒரு லட்சம் கடன் வாங்கலாம், தப்பில்லை.

யூலிப்பில் போட்ட பணத்தை ஐந்து வருடம் எடுக்க முடியாது. உங்களுக்குப் பணம் ஜூன் மாதம் வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. அந்த ஏஜென்டிடம் நேரடியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வங்கியில் மாதம் 3,000 ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுங்கள்.

இப்போது நகைக்கு வருவோம். பவுன் 80,000 என்று குறைத்தே கணக்கிட்டாலும் 5 பவுனை விற்றால் கடன் அடைந்துவிடும், 6 பவுன் கைக்கு வரும். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள், அதனால் கல் இல்லாத வளையல்களை முதலில் விற்றுவிடுங்கள். மீட்கும் அன்று முழுத் தொகையும் கையில் வேண்டும், ஒன்றிரண்டு நாளுக்குக் கைமாற்று கேட்டுப் பாருங்கள். அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று சுவரெல்லாம் விளம்பரம் செய்பவர்களிடம் போவதானால், எடை, விலை, கழிவு மூன்றையும் எழுதி வாங்கிய பிறகே சீட்டைக் கொடுங்கள். விற்க உங்கள் மனைவிக்கு மனம் வராமல் போகலாம், அவர் நகை அது. அப்படியானால் குறைந்தபட்சம் அரசு வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்றுங்கள், வட்டி பாதிக்குப் பக்கத்தில் குறையும். ஆனால் அந்த வட்டியை மாதாமாதம் கையிலிருந்து கட்ட வேண்டும்.

மச்சான் இன்னும் ஒரு லட்சம் கூட்டி வைக்கச் சொல்கிறார் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். முடியாது என்று நீங்கள் சொன்னால் சண்டையாகும், உங்கள் மனைவி சொல்லட்டும். கூடப் பிறந்தவரிடம் அவரால்தான் பேச முடியும். வட்டியைக் கேட்க வேண்டாம். அசல் 2 லட்சத்தை மாதம் 5,000 வீதம் மகளின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். 40 மாதத்தில் முடிந்துவிடும், கிட்டத்தட்ட அவள் பி.எஸ்சி. முடிக்கும் காலம். தாய்மாமன் படிக்க வைத்தார் என்ற பெயரும் அவருக்குக் கிடைக்கும். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அந்த 5,000-ஐச் சேர்க்காதீர்கள், வந்தால் எம்.எஸ்சி.க்கு ஒதுக்குங்கள்.

சீட்டில் தவணை முடியும் தேதி ஜூன் 20 என்று போட்டிருக்கிறது. அதற்குள் மச்சான் மறுபடி வந்து நிற்பார். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள், ஜிமிக்கியை விற்கிற பட்டியலில் சேர்க்காதீர்கள்.