தாலி இருக்கிறது, தாள் இருக்கிறதா?

கேள்வி: 1994இல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். ஜேபிஎன்-இல் (தேசியப் பதிவுத் துறையில்) பதியவில்லை. போன மாதம் கணவர் காலமானார், உயில் இல்லை. வீடு அவர் பெயரில். "சட்டப்படி நீ மனைவியே இல்லை" என்கிறார் கணவரின் அண்ணன். மாமனார், மாமியார் இல்லை. பிள்ளைகள் இருவர். – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில், அவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1.3.1982 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைப் பதிவானவையாகவே அது கருதும். உங்களுடையது பிந்தியது, பதிந்திருக்க வேண்டும். கோயில் ரசீதே பதிவு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர் நடத்தி வைத்தால்தான் கோயிலிலேயே பதிவும் முடியும்.

ஆனால் பதியாத ஒரே காரணத்துக்காகத் திருமணம் செல்லாமல் போகாது என்கிறது 34ஆம் பிரிவு. விபத்தில் கணவரை இழந்த இந்துப் பெண் ஒருவரை 1997இல் உயர் நீதிமன்றம் இதைக் கொண்டே மனைவியாக ஏற்றது. பின்னால் சீன வழக்கத் திருமணம் ஒன்றில் தீர்ப்பு நேர்மாறாக வந்தது. ஆகவே வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டோம். ஆதாரம்தான் பேச வேண்டும். அழைப்பிதழ், கோயில் ரசீது, தாலி கட்டும் படம், அன்று உடனிருந்த இருவரின் சத்தியப் பிரமாணம், தகப்பன் பெயருள்ள பிறப்புப் பத்திரங்கள், இருவர் பெயரும் ஒரே முகவரியில் வந்த பில்கள் எல்லாவற்றையும் சேருங்கள்.

பிள்ளைகளின் நிலை உங்களுடையதைவிடப் பலமானது. திருமணம் செல்லாது என்றே முடிவானாலும், அது செல்லும் என்று பெற்றோரில் ஒருவராவது நியாயமாக நம்பியிருந்தால் பிள்ளைகள் சட்டபூர்வமானவர்களே என்கிறது 75ஆம் பிரிவு. உயில் இல்லாத சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருக்கும்வரை அண்ணனுக்கு ஒரு காசு கிடையாது. அவர் ஏன் உங்கள் தாலியை இவ்வளவு ஆராய்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

அவர் நில அலுவலகத்தில் பங்கீட்டு மனு போட்டால் விசாரணை நடக்கும்; அன்று நேரில் போய் ஆட்சேபம் தெரிவியுங்கள். அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கறிஞர் மூலம் கேவியட் (உங்களுக்குத் தெரிவிக்காமல் சொத்து நிர்வாக அதிகாரம் தரக்கூடாது என்ற தடை மனு) போட வேண்டும். கட்டணத்துக்கு வழியில்லையா, பினாங்கில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் உண்டு. ஊழியர் சேமநிதியில் உங்களை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தப் பணம் இந்தத் தகராறில் சிக்காது; அதை உடனே கேளுங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள். பாட்டிகள் இருவருமே சட்டப்படி மனைவிகளா? – செந்தூல்

பதில்: இரண்டு திருமணமும் 1982 மார்ச்சுக்கு முன் வழக்கப்படி நடந்திருந்தால், ஆம். அதற்குப் பின் முதல் மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டினால் அது செல்லாது, குற்றமும்கூட.

கேள்வி: வயது 20. தாய்மாமனைக் கட்டச் சொல்கிறார்கள். "சட்டம் இடம் தராது" என்று சொல்லித் தப்பலாமா? – பெயர் வேண்டாம்

பதில்: அந்தச் சாக்கு எடுபடாது. நெருங்கிய உறவுகளுக்குள் மணத்தைத் தடுக்கும், அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, இந்துக்களின் தாய்மாமன் உறவுக்கு மட்டும் விலக்குத் தந்திருக்கிறது. உங்கள் பலம் வேறிடத்தில் இருக்கிறது: இருவரும் மனமொப்பிச் சம்மதிக்கிறார்கள் என்று பதிவதிகாரிக்குத் திருப்தி ஏற்படாமல் திருமணம் நடத்தக்கூடாது. அவர் முன்னால் வாய் திறந்து "சம்மதமில்லை" என்று சொன்னால் போதும். 21 வயதுக்குக் கீழ் இருப்பதால் அப்பாவின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். அப்பா இருக்கையில் அம்மாவின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை என்பது தனிக் கதை. ஆனால் அப்பாவின் கையெழுத்து உங்கள் சம்மதத்துக்கு ஈடாகாது.