சங்கமும் இருந்து, ஓரளவு நல்ல சம்பளமும் வாங்கும் டெலிவரி ஊழியர்கள் எதற்காக வேலைநிறுத்தம் வரை போகிறார்கள்?

வர வேண்டிய பார்சலுக்காகக் காத்திருப்பவர் கேட்ட கேள்வி இது என்று எண்ணுகிறேன்; அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. இருப்பினும் ‘சங்கம்தான் இருக்கிறதே, பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?’ என்று கேட்டிருப்பதால், பல ஆண்டுகளாகப் பார்சல் வேன் ஓட்டும் சங்க உறுப்பினன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பேசித் தீர்த்ததன் விளைவுதான் ஒப்பந்தம். அது நடப்பில் இருக்கும் வரை வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று எங்கள் சங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. இடையில் குறை எழுந்தால் புகார் மனு கொடுக்கலாம். அது மாதக்கணக்கில் மேசையில் கிடக்கும். ஒப்பந்தம் காலாவதியாகும் சமயத்தில் மட்டுமே நிர்வாகம் எங்கள் பேச்சுக்குக் காது கொடுக்கிறது.

என்னைப் பொறுத்தவரை, உறுத்தியது சம்பளத்தின் அளவு அல்ல, அதில் இருந்த இரண்டு தட்டுகள். முந்தைய ஒப்பந்தத்தில், புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்கென்று குறைந்த சம்பளப் பிரிவு ஒன்றைப் புகுத்தியிருந்தார்கள். அப்படிச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு நான்தான் தடம் பழக்கினேன்: எந்தக் கட்டடத்தில் மின்தூக்கி ஓடாது, எந்த வீட்டு நாயை நம்பக் கூடாது, சுமையை எந்த வரிசையில் அடுக்கினால் முதுகு தப்பும் என்பது வரை. பிறகு அவர் பக்கத்துத் தடத்தில் அதே வகை வேனை, அதே ஸ்கேனருடன் ஓட்டினார். ஒரு நாள் சம்பளச் சீட்டைக் காட்டி, “அண்ணா, நாம் இரண்டு பேரும் ஒரே வேலைதானே செய்கிறோம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மூத்தவர்களுக்கு இதனால் நஷ்டமில்லையே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தபின், எங்கள் பணிநேரத்தைத்தான் முதலில் வெட்டினார்கள்.

இது எங்களோடு நிற்கும் கதையும் அல்ல. அமெரிக்காவின் யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தில் 2018 ஒப்பந்தம் இப்படித்தான் இரண்டாம் தர ஓட்டுநர் பிரிவை உருவாக்கியது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தும், வாக்குப்பதிவு பாதியை எட்டாததால் சங்க விதியைக் காட்டி, அங்குள்ள ஊழியர்களின் சங்கமான டீம்ஸ்டர்ஸின் தலைமை அதை ஏற்றுக்கொண்டது. 2023இல் வாக்களித்தோரில் 97 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் அளித்தனர். ஜூலை 31இல் ஒப்பந்தம் முடியவிருந்த நிலையில் 25ஆம் தேதியே உடன்பாடு ஏற்பட்டு, அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. அதே நிறுவனத்தில் 1997இல் ஏறத்தாழ 1,85,000 பேர் 15 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே, பகுதிநேர வேலைகளிலிருந்து 10,000 முழுநேரப் பணியிடங்களை உருவாக்க நிர்வாகம் இசைந்தது.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். கோடையில் வேனின் பின்கதவைத் தூக்கியதும் முகத்தில் அனல் அறையும். இரும்புத் தட்டில் கை வைக்க முடியாது. பெட்டிகளில் ஒட்டிய நாடா இளகிப் பிரிந்து வரும். தண்ணீர் குடிக்கச் சற்று நின்றால், ஏன் நின்றாய் என்று ஸ்கேனர் காரணம் கேட்கும். 2023 யுபிஎஸ் உடன்பாட்டில், 2024 முதல் வாங்கும் புதிய வேன்களுக்குக் குளிர்சாதன வசதி என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

‘ஆக, கூடுதல் பணமும் வேண்டும் என்பதை மறைக்கிறீர்கள்’ என்று யாரேனும் பின்னூட்டமிடக்கூடும். மறைக்கவில்லை, பணமும் வேண்டும். ஆயினும் வேலைநிறுத்தத்தில் சம்பளம் நின்றுவிடும்; சங்க நிதியிலிருந்து வருவது வாடகைக்கே போதாது. யாரும் அதை விளையாட்டாகத் தொடங்குவதில்லை. வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தார்கள் என்று செய்தி வந்தால், மறுநாளே வேனை நிறுத்துகிறார்கள் என்று பொருள் அல்ல. நிறுத்தும் அதிகாரத்தைப் பேச்சுவார்த்தைக் குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றே பொருள்.

நாங்களும் அப்படி வாக்களித்தோம். இரண்டு பிரிவுகளையும் படிப்படியாக ஒன்றாக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வேனின் பின்பகுதிக்கு விசிறி கேட்டதற்கு மட்டும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலே இன்றுவரை வருகிறது.