சாமி கும்பிடாத பட்டாளத்துக்காரர்கள் எங்கே கூடுவது?

வணக்கம் தோழர்,

மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பர்கூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா பெரியார் கட்சி, எனக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. யூனிட்டில் இருந்தவரை அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. யூனிட் கோயிலில் வாராவாரம் கூடும் மந்திர் பரேடுக்கு எல்லோரோடும் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஊருக்கு வந்த பிறகுதான் தனியாகிவிட்டேன். இங்கே முன்னாள் ராணுவத்தினர் கூடுவது என்றால் திருவிழா, கும்பாபிஷேகம், அன்னதானம்தான். போனாலும் ஓரமாக நிற்கிறேன். என்னைப் போல ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லோரையும் கூட்டி ஏதாவது நடத்த ஆசை. 'நாத்திகர் கூட்டம்' என்று கூப்பிட்டால் என் மனைவியே வரமாட்டார், அவருக்கு நம்பிக்கை உண்டு. இன்னும் சர்வீஸில் இருக்கும் பையன்களைக் கூப்பிடலாமா? எப்படித் தொடங்குவது?

ஓய்வுபெற்ற ஹவில்தார், பர்கூர் வட்டம்

அன்புள்ள தோழருக்கு,

மந்திர் பரேடில் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்குக் கிடைத்தது பக்தி இல்லை, பக்கத்தில் ஆள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், எல்லோரும் ஒரே இடத்தில். அந்த ஏற்பாட்டை ராணுவம் செய்து கொடுத்தது. ஓய்வு பெற்றதும் அது போய்விட்டது. கிராமத்தில் ஆட்களைக் கூட்டித் தருகிற ஒரே இடம் கோயில் என்பதால் நீங்கள் ஓரத்துக்குப் போய்விட்டீர்கள். ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரு தேதியும் ஒரு பந்தியும். கொள்கை விளக்கக் கூட்டம் தேவையில்லை.

அமெரிக்காவில் 2012 மார்ச் 31 அன்று ஃபோர்ட் பிராக் ராணுவ முகாமில் மத நம்பிக்கையற்ற வீரர்களுக்காக ஒரு பெரிய விழாவே நடந்தது. 2010-ல் அதே முகாமில் கிறிஸ்தவ நற்செய்தி இசை விழா ஒன்று நடந்திருந்தது. அதற்குக் கொடுத்த ஆதரவை எங்களுக்கும் கொடுங்கள் என்று ஒரு சார்ஜென்ட் கேட்டு, ஒருமுறை ரத்தாகி, பிறகு நடந்த விழா அது. நெதர்லாந்து ராணுவத்தில் மதகுருமார்களைப் போலவே மதம் சாராத மனிதநேய ஆலோசகர்களும் பணியில் இருக்கிறார்கள். அந்த அமெரிக்க வீரர்கள் கேட்டது சம உரிமை. உங்கள் நிலைமை வேறு. இங்கே 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டமே கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், இல்லையென்றால் உறுதிமொழி எடுக்கலாம் என்று இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. உங்கள் ரெஜிமெண்டின் 'வீர மதராஸி, அடி கொல்லு' முழக்கத்தில் எந்தச் சாமி பெயரும் இல்லை. உங்களை யாரும் துரத்தவில்லை. சேர்ந்து உட்கார ஓர் இடம்தான் இல்லை.

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று பட்டாளமே உங்களுக்குக் காட்டியிருக்கிறது. பராகானா. ஆபீசரும் ஜவானும் ஒரே சாப்பாட்டைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த விருந்துக்கு ஈடாக நம் ஊரில் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் கோயில் திருவிழா என்றால் எந்தத் தெருவுக்கு எந்த நாள், யாருக்கு என்ன மரியாதை என்று ஏற்கனவே பிரித்து வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துச் சமையல்கூடமான லங்கரில் இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்கூட ஊருக்கு வந்ததும் தனித்தனித் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம் இது. நீங்கள் நடத்தும் பராகானாவில் காலனிக்காரரும் ஊர்த்தெருக்காரரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். சுபேதார் பரிமாறட்டும், சிப்பாயாக இருந்தவர் முதல் பந்தியில் சாப்பிடட்டும். களியும் கறிக்குழம்பும் போதும்.

தேதிக்கு அலைய வேண்டாம். ராணுவ தினம் ஜனவரி 15, பொங்கலை ஒட்டியே வருகிறது. லீவில் வந்த பையன்களும் ஊரில் இருப்பார்கள். இன்னொரு கூட்டத்தை மாங்காய் காலத்தில், பள்ளி லீவில், ஒரு தோப்பில் வையுங்கள். காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கம் யாராவது ஒருவர் தோப்பு தராமலா போவார்?

சர்வீஸில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சங்கத்தில் சேருவது, பொதுக்கூட்டத்தில் கலந்துகொள்வது, பத்திரிகைக்குப் பேசுவது, மூன்றையும் கட்டுப்படுத்த ராணுவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதனால் சங்கம், பேனர், மேடை எதுவும் வேண்டாம். வீட்டு விருந்துக்கு வருவதுபோல வரட்டும். யூனிஃபார்ம் வேண்டாம், போட்டோவை முகநூலில் போடவும் வேண்டாம். கட்சிக்காரர்களைக் கூப்பிடாதீர்கள், நம் கட்சிக்காரராகவே இருந்தாலும்.

உங்கள் மனைவியும் தாராளமாக வரலாம். பூஜையும் விளக்கேற்றுவதும் இல்லாமல் நிகழ்ச்சி தொடங்கும், அவ்வளவுதான். யார் நெற்றியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கக்கூடாது, யாரும் யாருக்கும் பகுத்தறிவுப் பாடம் எடுக்கவும் கூடாது. அப்பாவிடமிருந்து வந்த பேச்சு உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். அன்று ஒரு நாள் அடக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இறந்தவர்களை எப்படி நினைப்பது? மதம் இல்லாத கூட்டங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நம் மண்ணில் அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி காடுமேடெல்லாம் நடுகற்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர் மாடுகளை மீட்கப் போய் யார் விழுந்தான் என்று பல கற்களில் வெட்டியிருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அந்தக் கற்களைக் கும்பிட்டவர்கள் உண்டு, இன்றும் கும்பிடுகிறார்கள். கும்பிடாதவருக்கும் அதில் படிக்க ஒரு பெயர் இருக்கிறது. அதே முறையில் உங்கள் கூட்டத்திலும் ஒவ்வொருவர் பெயர், யூனிட், இறந்த இடம், வருடம் சொல்லி, கூட இருந்தவர் ஒருவர் எழுந்து இரண்டு நிமிடம் பேசட்டும். அவருடைய மனைவி முன்வரிசையில் உட்காரட்டும். கணவனை இழந்தவரை நல்ல காரியத்தில் பின்னால் தள்ளுகிற ஊர் நமது. உங்கள் பந்தலில் அது நடக்கக்கூடாது. இதற்காக மட்டுமே என்றாலும் நீங்கள் இந்தக் கூட்டத்தை நடத்த வேண்டும் என்பேன்.

ஏழெட்டுக் குடும்பம் தாராளம். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஒருவரே போட்டால் அது அவர் வீட்டு விசேஷமாகிவிடும். தேதி முடிவானதும் எழுதுங்கள். தருமபுரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன், பரிமாற ஓர் ஆள் ஆச்சு.