சிங்கத்தை விட்டுவிடுங்கள், டிரைவரைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வயது 8. அடுத்த மாதம் பள்ளியில் வண்டலூர் உயிரியல் பூங்கா, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் கடற்கரை மூன்றுக்கும் ஒரே நாளில் அழைத்துப் போகிறார்கள். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி இரவு 11 மணிக்குத் திரும்புவார்களாம். 110 பிள்ளைகள், 6 ஆசிரியைகள், இரண்டு பஸ். ‘பயணத்தில் எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். என் மகன் ஓரிடத்தில் நிற்க மாட்டான். தெருவில் போகிற நாயையெல்லாம் தடவிக் கொடுப்பான். அவன் அப்பா, ‘சிங்கம் புலி இருக்கிற இடத்துக்கு அனுப்பவே வேண்டாம்’ என்கிறார். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் அழுகிறான். அனுப்பலாமா, கூடாதா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: முதலில் பையனைச் சாப்பிட வையுங்கள். அனுப்புவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

30 வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். வண்டலூருக்கு எத்தனை தடவை பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. சிங்கமும் புலியும் அகழிக்கும் கம்பி வேலிக்கும் அந்தப் பக்கம் இருக்கின்றன. சிங்க உலாவுக்குப் போகிற வண்டியின் ஜன்னலிலும் கம்பி உண்டு, கையை வெளியே நீட்டாமல் இருந்தால் போதும். என் தூக்கம் கெட்டதெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நடந்தவற்றால்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த நேர அட்டவணை. விடியற்காலை 4 மணிக்கு உட்கார்ந்த டிரைவர் இரவு 11 மணிக்கும் அதே ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கப் போகிறாரா? திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டி, செஞ்சி வழியாக, இருட்டு ரோட்டில் வர வேண்டும். வண்டிக்கு இரண்டு டிரைவர்கள் உண்டா என்று கேளுங்கள். வருவது பள்ளியின் சொந்த வண்டியா, வெளியில் வாடகைக்குப் பிடித்ததா என்றும் கேளுங்கள். 2012-ல் தாம்பரம் அருகே, ஓடுகிற பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்து போனாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. தினமும் வருகிற மஞ்சள் வண்டியை யாராவது சோதிக்கிறார்கள். சுற்றுலாவுக்குக் கடைசி நேரத்தில் பேசிப் பிடிக்கிற வண்டியைப் பல பள்ளிகளில் யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

அடுத்தது, ஒரே நாளில் மூன்று இடம். வண்டலூர் பூங்கா மட்டுமே 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். 8 வயதுப் பிள்ளைகள் அதை நடந்து பார்த்தாலே பாதி உயிர் போய்விடும். அதன் பிறகு பஸ்ஸில் ஏற்றி முதலைப் பண்ணை இருக்கிற வடநெம்மேலிக்கு, அங்கிருந்து கடற்கரைக்கு. காலையில் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக நடந்த பிள்ளைகள் மாலை 4 மணிக்கு ஆளுக்கொரு பக்கம் ஓடும். டீச்சர்களும் மனிதர்கள்தானே, அவர்களுக்கும் கால் வலிக்கும், கண் அசரும். அந்த நேரம் பார்த்து அலை அடிக்கிற கடலோரத்தில் 110 பிள்ளைகளை இறக்கிவிடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நான் தலைமையாசிரியையாக இருந்தால் கடற்கரையை அடித்துவிடுவேன். கேட்டுப் பாருங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள். தேதியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்: வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் பிள்ளைகளோடு முழித்துக்கொண்டு நின்ற பள்ளிகளை நானே பார்த்திருக்கிறேன்.

6 ஆசிரியைகள் போதாது. 18 பிள்ளைக்கு ஒருவர் என்று வருகிறது. அதில் ஒருவர் டிக்கெட் எடுக்கப் போவார், ஒருவர் வாந்தி எடுத்த பிள்ளையோடு உட்கார்ந்திருப்பார், ஒருவர் கழிவறை வாசலில் நிற்பார். மிச்சம் 3 பேர். இந்த வயதுக்குப் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. ஆயாக்களை அழைத்துப் போகட்டும், விருப்பமுள்ள பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

தலை எண்ணுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என் சொந்தக் கதை. பல வருடங்களுக்கு முன், ஒரு பூங்காவில் மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகளை எண்ணினேன். 43 இருக்க வேண்டும், 43 இருந்தது. நிம்மதியாக நடந்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் என் புடவையைப் பிடித்து இழுத்து, ‘மிஸ், இவன் நம்ம ஸ்கூல் இல்ல’ என்றான். பார்த்தால், அதே நீல நிக்கர், அதே வெள்ளைச் சட்டையில் வேறு பள்ளிக் குழந்தை ஒன்று எங்கள் வரிசையில் நிற்கிறது. அப்படியென்றால் எங்கள் பிள்ளை ஒருவன் எங்கே? சாப்பிட்ட இடத்திலேயே, மரத்தடியில், எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தான் காணாமல் போனதே தெரியாது. எனக்கு மட்டும் அந்தப் பத்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை. அன்று முதல் எண்ணை நம்புவதில்லை, பெயர் கூப்பிட்டுத்தான் பார்ப்பேன். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி வைத்துவிடுவேன். ‘உன் ஜோடி எங்கே?’ என்று கேட்டால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் பையன் ஓரிடத்தில் நிற்காதவன் என்கிறீர்கள். அதை வகுப்பு டீச்சரிடம் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிதானமான ஒரு பிள்ளையை ஜோடியாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி நிக்கர் பாக்கெட்டிலும் வையுங்கள், பால்பாயிண்ட் பேனாவால் முன்கையிலும் எழுதுங்கள். வழி தவறினால் தேடிக்கொண்டு ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை போட்ட பூங்கா ஊழியரிடமோ, குழந்தையோடு வந்த ஓர் அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே நடித்துக் காட்டிப் பழக்குங்கள்.

முதலைப் பண்ணையில் குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். முதலைகள் வாயைப் பிளந்தபடி கல் போலக் கிடக்கும். உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ள அப்படிக் கிடக்கின்றன, பொம்மை இல்லை. இது தெரியாமல், ‘உயிர் இருக்கா பார்ப்போம்’ என்று கல்லை விட்டெறிகிற பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் செய்யும். மிருகக்காட்சி சாலையில் விலங்குகளைச் சீண்டுவதும் அவற்றுக்குத் தீனி போடுவதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படியே தடை செய்யப்பட்டவை. இதைவிட எனக்குப் பயம், போட்டோவுக்காகப் பிள்ளையைத் தூக்கிச் சுவர்மேல் உட்கார வைக்கிற வழக்கம். அதைச் செய்வது பெரும்பாலும் பெரியவர்கள்தான். அமெரிக்காவில் சின்சினாட்டி பூங்காவில் 2016 மே மாதம் ஒரு 3 வயதுக் குழந்தை தடுப்பைத் தாண்டி 15 அடி ஆழத்தில், கொரில்லா இருந்த அகழிக்குள் விழுந்தது. அம்மா பக்கத்தில்தான் இருந்தார், ஒரு கண் அசந்த நேரம். குழந்தை பிழைத்தது, கொரில்லாவைச் சுட்டுக் கொல்ல வேண்டி வந்தது. ‘சுவரில் வயிறு படக் கூடாது, கால் தரையை விட்டு எழும்பக் கூடாது’ என்று பையனிடம் சொல்லுங்கள். ‘ஜாக்கிரதையாக இரு’ என்றால் 8 வயதுக்குப் புரியாது. இது புரியும்.

இப்போது குரங்குக்கு வருகிறேன். கூண்டில் இருப்பது இல்லை, வெளியே திரிகிற நாட்டுக்குரங்கு. பூங்கா, மலைக்கோயில், அருவி, எங்கே கூட்டம் சாப்பிடுகிறதோ அங்கே இவை இருக்கும். கிரிவலப் பாதைப் பக்கம் குடியிருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிப்ஸ் பாக்கெட்டின் சத்தம் கேட்டாலே வந்துவிடும். பிள்ளை பாக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், குரங்கு பிடுங்கும், நகம் கீறும். இதே மாதிரிதான் பார்க்கிங்கில் படுத்திருக்கிற நாயும். நாயையெல்லாம் தடவுகிற உங்கள் பையன் அங்கே என்ன செய்வான் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கவே கூடாது, குரங்கு பிடுங்கினால் விட்டுவிட வேண்டும், அதன் கண்ணைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது. அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

கீறலோ கடியோ பட்டால் உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது ரொம்ப நேரம், கடிகாரத்தைப் பார்த்துத்தான் செய்ய முடியும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட வேண்டும், அங்கே இலவசம். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்தும் போடுவார்கள். மீதி ஊசிகளை மருத்துவர் சொல்கிற தேதிகளில் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். ரேபீஸ், அதாவது வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஊசியை நேரத்துக்குப் போட்டால் அநேகமாக வரவே வராது. இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய சாவு வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். ‘குரங்கிடம் போகாதே என்று டீச்சர் சொன்னாரே, இப்போது சொன்னால் அடி விழும்’ என்று சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்துக்கொள்வார்கள். அதனால் கிளம்பும் முன் நீங்களும் அவன் அப்பாவும் சேர்ந்தே சொல்லுங்கள்: ‘நீ தப்பே செய்திருந்தாலும் திட்ட மாட்டோம். நாயோ, குரங்கோ, பூனையோ பட்டால் உடனே டீச்சரிடம் சொல்லு.’ சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

முயல், கிளி, ஓணான் வகைகளைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்க விடுகிற தனியார் இடங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. உங்கள் பள்ளிப் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை, நல்லது. ஆனால் ‘வழியில்தானே இருக்கிறது’ என்று வண்டியைத் திருப்பினால்? ஆடு மாடு பார்ப்பதற்குத் தனியாகப் பண்ணைக்குப் போகிற வழக்கம் உள்ள இங்கிலாந்தில், 2009-ல் சரே பகுதிப் பண்ணை ஒன்றுக்குப் போனவர்களில் 93 பேருக்கு ஈ-கோலை கிருமி தொற்றியது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள், சிலருக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பு. ஆட்டைத் தொட்ட கையை வாயில் வைத்தது போதுமானதாக இருந்தது. எதைத் தொட்டாலும், தொடாவிட்டாலும், சாப்பிடும் முன் சோப்பும் தண்ணீரும் வேண்டும். அழுக்குக் கையில் சானிடைசரைத் தடவினால் அழுக்குதான் பரவும். பையில் ஒரு சின்ன சோப்புத் துண்டைப் போட்டு அனுப்புங்கள், பூங்காக் குழாயடியில் சோப்பு இருக்கும் என்று நம்ப முடியாது.

அந்தத் தாளைப் பற்றி. ‘எது நடந்தாலும் பொறுப்பல்ல’ என்று எழுதி வாங்கிவிட்டதாலேயே பள்ளியின் பொறுப்பு ஓடிப்போகாது. 1995-ல் பியாஸ் ஆற்றுக்குப் பிக்னிக் போன 14 பள்ளிப் பிள்ளைகள் மூழ்கி இறந்த வழக்கில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கடமை உடன் போன ஆசிரியர்களுக்கும் பள்ளிக்கும் உண்டு என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. நீங்கள் அந்த வரியை அடித்துவிட்டு, ‘சுற்றுலாவுக்கு அனுமதிக்கிறேன். அவசரத்தில் மருத்துவமனையில் சேர்க்கவும் சம்மதிக்கிறேன்’ என்று எழுதி, பையனின் அலர்ஜி, மருந்து விவரத்தோடு கையெழுத்துப் போடுங்கள். சண்டை போட வேண்டாம், சிரித்துக்கொண்டே கொடுங்கள்.

அனுப்பலாமா என்றால், கடற்கரையை விட்டுவிட்டு, கூட ஆள் சேர்த்து, வண்டிக்கு இரண்டு டிரைவர் போட்டால் தாராளமாக அனுப்புங்கள். எதையும் மாற்ற மாட்டோம் என்றால் இந்தத் தடவை வேண்டாம். அழுவான், அழட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் வண்டலூர் போய், பேட்டரி வண்டியில் சாவகாசமாகச் சுற்றிப் பாருங்கள். ‘சிங்கம் இருக்கிற இடம்’ என்று சொன்னவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பள்ளியோடு போனான் என்றால், இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் அப்படியே படுக்க விடாதீர்கள். வெந்நீரில் ஒரு குளியல். குளிப்பாட்டும்போது கை, கால், முழங்கைப் பக்கமெல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் ஏதாவது இருந்தால், எப்படி வந்தது என்று சாதாரணமாகக் கேளுங்கள்.