டெல்லி விலையும் கோவை விலையும்

கேள்வி: டெல்லியில் ஒரு டீலரிடம் 2014 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் (கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார், 2.7 லிட்டர், பி.டி.கே. என்ற ஆட்டோமேட்டிக் கியர்) பார்த்து வைத்திருக்கிறேன். ஓடியது 19,000 கி.மீ. ஆர்.சி. ஒரு கம்பெனி பெயரில் இருக்கிறது. 42 லட்சம் சொல்கிறார். பெங்களூரில் இதே கார் 50 லட்சத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. முழுப் பணத்தையும் அனுப்பினால் உடனே லாரியில் ஏற்றிவிடுவதாகவும், என்.ஓ.சி. (காரை வேறு மாநிலத்தில் பதிய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) ஒரு மாதத்தில் கூரியரில் வந்துவிடும் என்றும் டீலர் சொல்கிறார். வீடியோவில் கார் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த மாடலில் குறையில்லை. டீலர் சொல்லும் வரிசையில்தான் கோளாறு. முதலில் பணம், அடுத்து கார், கடைசியில் என்.ஓ.சி. என்கிறார். அதை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். என்.ஓ.சி. வாங்கி, ஆன்லைனில் சரிபார்த்த பிறகுதான் பெரிய தொகை போக வேண்டும். மற்ற எதில் வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள், இதில் வேண்டாம்.

மாடலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பாக்ஸ்டர்களில் இன்ஜினுக்குள் இருக்கும் ஐ.எம்.எஸ். பேரிங் உடைந்து இன்ஜினே போய்விடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அது 2008 வரை வந்த கார்களின் பிரச்சினை. 2009இல் வந்த புதிய இன்ஜினில் அந்த பேரிங்கே கிடையாது. 2014 பாக்ஸ்டர் ‘981’ தலைமுறையைச் சேர்ந்தது. டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், 265 குதிரைத்திறன். இதற்கு அடுத்து வந்த தலைமுறையின் சாதா பாக்ஸ்டருக்கு நான்கு சிலிண்டர் டர்போ வந்துவிட்டதால், சத்தத்துக்காகவே 981ஐத் தேடுகிறவர்கள் உண்டு. விலை சீக்கிரம் விழாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி பேப்பர். இதில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள், ஏனென்றால் இன்ஜினில் வரும் தொல்லையைப் பணத்தால் தீர்க்கலாம், இதில் வரும் தொல்லை அப்படித் தீராது.

முதலில் டீலர் யார் என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்பது விதி. அவரிடம் படிவம் 29பி என்ற அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். காரை உரிமையாளர் அவரிடம் ஒப்படைத்ததற்கு ஆர்.டி.ஓ.வுக்குப் படிவம் 29சி போயிருக்க வேண்டும். இரண்டின் நகலையும் கேளுங்கள். இருந்தால் என்.ஓ.சி.க்கு விண்ணப்பிக்கும் அதிகாரம் டீலருக்கே உண்டு. இல்லையென்றால் அவர் வெறும் புரோக்கர். உங்களுக்கு விற்கிறவர் அந்தக் கம்பெனிதான். அப்போது பணமும் கம்பெனியின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

கம்பெனி பெயரில் உள்ள காருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தட்டிப் பாருங்கள். ‘ஆக்டிவ்’ என்று வந்தால் சரி. ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ (பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது) என்றோ, திவால் நடவடிக்கையில் இருப்பதாகவோ வந்தால் அந்தக் காரை மறந்துவிடுங்கள், பழைய இயக்குநர்களுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்காது. கடன்களுக்கு எதை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். காரை விற்க போர்டு தீர்மானம், கையெழுத்திடுபவருக்கு அதிகாரக் கடிதம், இரண்டும் கம்பெனி சீலோடு வேண்டும். கையெழுத்து ஆர்.டி.ஓ. பதிவில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் ஃபைல் அங்கேயே படுத்துவிடும்.

படிவங்கள் இவை: என்.ஓ.சி.க்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் இருந்திருந்தால் 35ஓடு வங்கியின் கடிதம். கோவைக்கு வந்தபின் புதிய பதிவெண்ணுக்குப் படிவம் 27. சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதிகள் நாலைந்து கூடுதலாகவே வாங்கி வையுங்கள். நிலுவையில் உள்ள இ-சலான்களைத் தீர்க்காமல் டெல்லியில் என்.ஓ.சி. நகராது. கார் திருட்டு வழக்கில் இல்லை என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் நீங்களே இலவசமாகப் பார்த்துவிடலாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. என்.ஓ.சி.யில் எந்த ஆர்.டி.ஓ.வுக்கு என்று எழுதியிருக்கும். கோவையில் தெற்கு 37, வடக்கு 38, மத்தி 66, மேற்கு 99 என்று நான்கு இருக்கின்றன. உங்கள் முகவரிச் சான்று எதன் எல்லைக்குள் வருகிறதோ அதைத்தான் போட வேண்டும். டீலர் பாட்டுக்குப் பொதுவாகக் ‘கோயம்புத்தூர்’ என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டால், திருத்த மறுபடி டெல்லிக்குத்தான் போக வேண்டும்.

சொகுசு கார்களில் இறக்குமதிப் பேப்பர் தனிக் கதை. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை நடத்திய ‘நும்கோர்’ சோதனை நினைவிருக்கும். பூட்டான் வழியாகக் கள்ளத்தனமாக வந்து, போலி ஆவணங்களோடு வெளி மாநிலங்களில் பதிவான கார்களைத் தேடி, கடைசியாக வாங்கியவர்களின் வாசலுக்குத்தான் அதிகாரிகள் வந்தார்கள். ஆகவே முதல் விற்பனை இன்வாய்ஸைக் கட்டாயம் கேளுங்கள். இந்தியாவில் உள்ள போர்ஷே ஷோரூம் விற்ற கார் என்றால் அந்த இன்வாய்ஸே போதும். யாரோ தனியாக இறக்குமதி செய்தது என்றால் சுங்கத்தின் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற இறக்குமதி ஆவணம் வேண்டும். வரிக் கணக்குக்கும் அந்த இன்வாய்ஸ் தேவைப்படும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்து சதவீதம் குறையும். ஆனால் கணக்கின் அடிப்படை நீங்கள் கொடுக்கும் 42 லட்சம் அல்ல, கார் புதிதாக விற்ற விலை. அது 80 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதவீதமும் 80,000 ரூபாய். இன்வாய்ஸ் நகலோடு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், இந்த மாதம் பதிந்தால் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. டெல்லியில் கட்டிய வரியில் ஏதாவது திரும்பி வந்தால் வரட்டும்; பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் ஒப்பிடும் பெங்களூர் காரும் வெளி மாநிலக் கார்தான். அதற்கும் இதே என்.ஓ.சி., இதே வரி. டெல்லிக் காரின் உண்மையான போட்டி, தமிழ்நாட்டுப் பதிவில் உள்ள ஒரு பாக்ஸ்டர். அது 50 லட்சத்துக்குக் கிடைத்தால்கூட, வரி, லாரி வாடகை, சோதனைச் செலவு எல்லாம் சேர்ந்த பின் 42 லட்சம் மலிவாகத் தெரியாமல் போகலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட விற்பனை என்பதால் டீலர் 1 சதவீதம், அதாவது 42,000 ரூபாயை டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வருமான வரியாகப் பிடிப்பார். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று சொல்லி மொத்த விலைக்கும் கணக்குப் போட்டால் ஏமாறாதீர்கள். பழைய காருக்கு அது பொதுவாக டீலரின் லாபத் தொகைக்கு மட்டும்தான். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ கேட்டால் அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம்.

இப்போது கார். வீடியோவில் பளபளப்பது பாலிஷ். உங்கள் செலவில் குருகிராம் போர்ஷே மையத்துக்குக் காரைக் கொண்டுபோய்ச் சோதிக்க டீலர் சம்மதிக்க வேண்டும். ‘எங்கள் மெக்கானிக்கே பார்த்துவிட்டார்’ என்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சேஸ் நம்பரிலேயே நிறைய தெரிந்துவிடும். போர்ஷே ஸ்போர்ட்ஸ் காரின் எண் டபிள்யூ, பி, பூஜ்யம் என்று தொடங்கும். ஏழாவது, எட்டாவது, பன்னிரண்டாவது இடங்களைச் சேர்த்துப் படித்தால் 9, 8, 1 என்று வர வேண்டும். பத்தாவது இடத்து எழுத்து மாடல் ஆண்டு: 2014க்கு ‘ஈ’, 2013க்கு ‘டி’. முன்கண்ணாடியின் கீழே தெரியும் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முன் பானெட்டின் உள்பக்கம் பெயின்ட் கோடு, ஆப்ஷன் எண்களோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது இல்லையென்றால் பானெட் மாற்றப்பட்டிருக்கலாம். ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் கொண்டுபோனால், அலுமினியத்தையும் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். இந்தக் காரின் கதவுகளும் முன், பின் மூடிகளும் அலுமினியம். இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் அங்கே பயன்படாது. கம்பெனிப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். 250ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 1,000 பக்கம் போனால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். பெயின்ட்டைக் காக்கும் பி.பி.எஃப். பிலிம் ஒட்டியிருந்தால் அதுவே 200 மைக்ரான் சேர்க்கும், அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

19,000 கி.மீ. என்பதை மீட்டரில் மட்டும் நம்ப வேண்டாம். போர்ஷே மையத்தின் கம்ப்யூட்டரில் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு வரும். 600 மணி என்றால் சராசரி வேகம் சுமார் 32 கி.மீ., நம்பலாம். 1,600 மணி என்றால் சராசரி 12 கி.மீ.; டெல்லி டிராஃபிக்கைக் காரணம் சொன்னாலும் மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள். அதே அறிக்கையில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றிய பதிவு ஆறு படிகளாக வரும். நான்கு, ஐந்து, ஆறு காலியாக இருக்க வேண்டும்.

குறைவாக ஓடிய காருக்கு வேறு நோய்கள். நின்ற இடத்தில் எலி ஒயரைக் கடித்திருக்கும், டயர் கல்லாகியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ஆறு வருடத்தைத் தாண்டிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். போர்ஷே அங்கீகரித்த டயரில் என்0, என்1 என்று குறி இருக்கும். பிரேக் ஆயில் 2 ஆண்டு, ஸ்பார்க் பிளக் 4 ஆண்டு, பி.டி.கே. கிளட்ச் ஆயிலும் பெல்ட்டும் 6 ஆண்டு. ஓடாமலே நின்றாலும் இந்தக் கெடு மாறாது. பில் இல்லாத சர்வீஸ் நடக்காத சர்வீஸ்தான்.

முன் பம்பரின் இரு பக்கக் காற்றுத் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்சரும் அங்கேதான் இருக்கின்றன. இலையும் தூசியும் சேர்ந்து ஈரம் பிடித்து அரித்துவிடும். கூரையை மூன்று முறை திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்பது வினாடிக்குள், நடுவில் திணறாமல் முடிய வேண்டும். கூரை மடியும் இடத்தின் ஓரத்தில் தண்ணீர் வடியும் ஓட்டை இருக்கிறது. அதில் ஒரு டம்ளர் ஊற்றினால் காருக்குக் கீழே சொட்ட வேண்டும். அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் சீட்டுக்கு அடியில் உள்ள கார்ப்பெட்டுக்குத்தான் போகும். 2023 ஜூலையில் யமுனை பெருகிய ஊர் என்பதால், சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடி நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பி.டி.கே. கியரை இன்ஜின் சூடான பிறகு சோதியுங்கள். பிரேக்கை மெல்ல விட்டு ஊர விடும்போது அதிரக் கூடாது. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது உதறக் கூடாது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சென்சார் ஒன்று கெட்டாலே முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்லும் மையங்கள் உண்டு. இந்தக் காரில் உங்களைப் படுக்கவைக்கக்கூடிய பில் அது.

எல்லாம் சரியாக வந்தால், பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். சோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு சிறிய அட்வான்ஸ். என்.ஓ.சி. வந்து, அரசின் ‘வாகன்’ பதிவுத் தளத்திலும் சரியாகத் தெரிந்தபின் பெரும்பகுதி. லாரியில் ஏற்றும்போது மிச்சம். விற்பனை ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள், கி.மீ., விபத்து, வெள்ளம் பற்றி டீலர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 50 லட்சம் வரை கோவை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஆனால் கையில் எழுத்து இருக்க வேண்டும்.

சுமார் 2,500 கி.மீ. தூரத்தை ஓட்டி வரலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். பழைய பாலிசியின் மூன்றாம் நபர் பாதுகாப்பு காரோடு தானாக மாறும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு, பாலிசி உங்கள் பெயருக்கு மாறினால்தான் வேலை செய்யும். வழியில் ஒரு லாரி உரசினால் செலவு உங்களுடையது. மூடிய, ஒரு கார் மட்டும் ஏற்றும் லாரியைப் பேசுங்கள். காரை வீல்களில் பெல்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், சஸ்பென்ஷன் கம்பியில் அல்ல. டிரான்சிட் இன்சூரன்ஸ் தனியாக எடுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் நான்கு பக்கமும் மீட்டரும் தெரிய வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

கோவைக்கு வந்ததும் பாலிசி மாற்றத்துக்கு 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். பெயர் மாற்றத்துக்கு 30 நாள். வேறு மாநில எண்ணோடு 12 மாதம் ஓட்டலாம் என்பது சட்டத்தில் இருக்கிறது, ஆனால் கார் உங்கள் பெயருக்கு மாறாத நிலையில் அதை நம்பிச் சுற்றாதீர்கள். பழைய பாஸ்டேக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு சாவியும் வந்ததா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.