மேடையில் பழுத்த இசை: பிங்க் ஃப்ளாய்ட் பற்றி வாசகர் கேள்விகள்

லண்டனில் 1965இல் உருவான பிங்க் ஃப்ளாய்ட் ராக் இசைக்குழுவைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை ஆசிரியர் தேர்ந்தெடுத்துத் தந்திருக்கிறார். கேசட் காலம் முதல் இன்றுவரை இவர்களை விடாமல் கேட்டுவரும் ரசிகன் என்ற நிலையில் நின்றே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ராக் இசை எனக்குப் பழக்கமில்லை. இவர்களுடைய ஆல்பங்களில் எதிலிருந்து தொடங்குவது? (வாசகர், மதுரை)

பதில்: 1971இல் வெளிவந்த 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அந்தப் பக்கம் முழுவதும் 'எக்கோஸ்' என்ற ஒரே பாட்டுதான். ஏறத்தாழ 23 நிமிடம். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பியானோவின் உச்சத்தில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டுகிறார். சுழலும் ஒலிபெருக்கி வழியாக வரும் அந்தச் சுரம், ஆழ்கிணற்றில் விழும் நீர்த்துளியைப் போலக் கேட்கும். அதைச் சுற்றி மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டால், இந்தக் குழு உங்களிடம் கேட்பது என்ன, தருவது என்ன என்பது விளங்கிவிடும். அடுத்ததாக 1973ஆம் ஆண்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்துக் கேட்க வேண்டாம். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடியும் அதற்கு 43 நிமிடம் ஒதுக்கினால் போதும். 1967இல் வந்த முதல் ஆல்பத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அது வேறொருவரின் கற்பனை உலகம். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் இழைத்துச் செய்யப்பட்ட ஆல்பங்கள் இவை. கச்சேரியில் கேட்பதற்குப் புதிதாக என்ன இருந்திருக்கும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஏனென்றால், பெரும்பாலானோர் நினைப்பதற்கு மாறாக, 1970களின் நடுப்பகுதிவரை இவர்களுடைய பெரிய படைப்புகள் பல முதலில் மேடையில்தான் பிறந்தன. ஸ்டுடியோ பின்னால் வந்தது. 'எக்கோஸ்' பாட்டை ஆல்பம் வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, வேறு பெயரில், கச்சேரிகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 'டார்க் சைட்' அதைவிடத் தெளிவான சான்று. 1972 ஜனவரி 20 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலுள்ள டோம் அரங்கில் அதை முதன்முதலாக வாசிக்கத் தொடங்கி, 'மணி' பாட்டு வந்தபோது கருவிக் கோளாறினால் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது. அங்கிருந்து ஊர் ஊராக எடுத்துச் சென்று, பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் முழுமையாக வாசித்துக் காட்டினார்கள். இசைத்தட்டு கடைக்கு வந்தது 1973 மார்ச்சில். ஆக, ஓராண்டுக்கும் மேலாக அந்த இசை மக்கள் முன்னால் வாசிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, மறுபடியும் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது.

அந்த ஓராண்டில் எவை மாறின என்று பார்ப்பது ரசிகனுக்கு ஒரு தனி இன்பம். இன்று 'ஆன் தி ரன்' என்று நாம் கேட்கும், சிந்தசைசரின் வேகமான ஓட்டம், 1972இல் கிட்டாரை முன்வைத்த ஒரு சாதாரண வாசிப்பாக இருந்தது. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' இருந்த இடத்தில் ஆர்கன் இசையும் சமயப் பேச்சின் ஒலிப்பதிவுகளும் இருந்தன. அதே ஆண்டில் பின்னர் அந்த இடத்துக்கு ரைட்டின் பியானோ வந்தது. ஸ்டுடியோப் பதிவின் கடைசிக் கட்டத்தில் கிளேர் டோரி என்ற பாடகி வரவழைக்கப்பட்டு, சொல்லே இல்லாமல், குரலை மட்டும் கொண்டு மரணத்தைப் பாடிவிட்டுப் போனார். அன்று அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. அந்த இசையில் அவருக்கும் ஆசிரியப் பங்கு உண்டு என்பது 2005இல்தான் வழக்கின் சமரசத்தின் மூலம் நிலைநாட்டப்பட்டது. அது மிகவும் தாமதமான நீதி என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டை என்னால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

மேடையில் பழகியதன் பலன் தாளத்திலும் தெரிகிறது. 'மணி' ஏழு எண்ணிக்கையில் நடக்கும் பாட்டு. மிஸ்ர சாபு பழகிய காதுகளுக்கு அது அந்நியமாக இராது. டேவிட் கில்மரின் கிட்டார் தனி வாசிப்பு வரும்போது தாளம் நான்குக்கு மாறுகிறது. வாசிப்பு முடிந்ததும் ஏழுக்குத் திரும்புகிறது. நிக் மேசன் டிரம்ஸில் இந்த மாற்றத்தை அலட்டிக்கொள்ளாமல் கடப்பதைக் கேட்கும்போது, எத்தனை இரவுகள் இதை வாசித்திருப்பார்கள் என்ற எண்ணம்தான் எனக்கு வரும்.

1974ஆம் ஆண்டுக் கச்சேரிகளில் மூன்று புதிய நீண்ட பாட்டுகளை வாசித்தார்கள். அவற்றில் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' மட்டுமே 1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் இடம்பெற்றது. மற்ற இரண்டும் சொற்கள் மாறி, பெயர் மாறி, 1977இன் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'டாக்ஸ்', 'ஷீப்' என்று வந்தன. மேடையில் வாசித்துப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யும் இந்த வழக்கம் கைவிடப்பட்டது 1979இல் 'தி வால்' (சுவர்) ஆல்பத்தோடுதான். இவர்களுடைய இசையின் குணமே அதன் பிறகு மாறிவிட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: சிட் பாரெட் இக்குழுவில் இருந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. அவரை இவ்வளவு உயர்த்திப் பேசுவது நியாயமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நியாயம்தான். குழுவுக்குப் பெயர் வைத்தவரே அவர். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களை இணைத்தார். 1967இல் வந்த முதல் ஆல்பத்தின் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அவர் எழுதியவை. பிறகு எல்எஸ்டி என்ற போதைப்பொருள் பழக்கமும் மனநிலைச் சிதைவும் அவரை மேடையில் நிற்க முடியாதவராக்கின. 1968 ஏப்ரலில் அவருடைய விலகல் அறிவிக்கப்பட்டது. ஆனால், எஞ்சியவர்கள் பின்னர் எழுதிய பாட்டுகளிலிருந்து அவர் ஒருபோதும் விலகவில்லை.

'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாட்டைக் கேளுங்கள். நீண்ட நேரம் தாளமே இல்லாமல், தம்பூராவின் சுருதியைப் போல சிந்தசைசர் நிலைத்து நிற்கிறது. பின்னர் கிட்டாரிலிருந்து நான்கே சுரங்கள் கிளம்புகின்றன. கில்மர் தற்செயலாக வாசித்த அந்த நான்கு சுரங்களில் ஒரு துயரத்தைக் கேட்ட, குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ், அதிலிருந்தே சிட்டைப் பற்றிய பாட்டை எழுதினார். 1975 ஜூன் 5 அன்று, லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில் அவர்கள் அதே ஆல்பத்தின் வேலையில் இருந்தபோது, உடல் பருத்து, தலையையும் புருவங்களையும் மழித்துக்கொண்ட ஒருவர் உள்ளே வந்து நின்றார். அவர் யார் என்று பழைய நண்பர்களுக்கே வெகுநேரம் தெரியவில்லை. அவர்தான் சிட் என்று தெரிந்தபோது வாட்டர்ஸ் கண்கலங்கியதாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாட்டின் கடைசி நொடிகளில், ஒலி தேய்ந்து மறையும் இடத்தில், 1967இல் சிட் எழுதிய 'சீ எமிலி ப்ளே' பாட்டின் மெட்டை ரைட் மெல்ல வாசித்துவிட்டு முடிப்பார். ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டால்தான் அது காதில் விழும். எத்தனையோ ஆண்டுகள் அதைத் தவறவிட்ட நான், ஒரு நாள் திடீரென்று கேட்டபோது மேற்கொண்டு எதையும் கேட்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த 'லைவ் 8' நிகழ்ச்சியில், 24 ஆண்டுகளுக்குப் பிறகு வாட்டர்ஸ், கில்மர், ரைட், மேசன் நால்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டுக்கு முன்னால் வாட்டர்ஸ் சிட்டின் பெயரைச் சொன்னார். சிட் அடுத்த ஆண்டு ஜூலையில் மறைந்தார்.

கேள்வி: காசு கொடுத்து வந்த ரசிகர்களுக்கும் தங்களுக்கும் நடுவில் சுவர் எழுப்பிக் கச்சேரி செய்தது அவர்களை அவமதிப்பதாகாதா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: அவமதிப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1977 ஜூலை 6 அன்று, கனடாவின் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தில், கூச்சலிட்டுக்கொண்டே மேடைக்கு நெருங்கி வந்த ஒரு ரசிகர்மீது வாட்டர்ஸ் காறித் துப்பினார். தான் செய்த அந்தக் காரியம் அவரையே அதிர வைத்தது. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று ஏற்கெனவே எழும்பிவிட்டது என்ற அந்த உணர்விலிருந்துதான் 'தி வால்' உருவானது. ஆகவே, மேடையில் அவர் எழுப்பிய சுவரை நான் ஒரு குற்ற ஒப்புதலாகவே பார்க்கிறேன்.

1980, 1981 ஆகிய இரண்டு ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் வட்டாரம், லண்டன், டார்ட்மண்ட் ஆகிய நான்கு இடங்களில் மட்டும், மொத்தம் 31 முறை அந்தக் கச்சேரி நடந்தது. வேறெங்கும் எடுத்துச் செல்ல முடியாத அளவுக்கு அதன் அமைப்பு பெரியது. தொடக்கத்தில் மேடைக்கு வருகிறவர்கள் பிங்க் ஃப்ளாய்ட் உறுப்பினர்களே அல்லர். அவர்களுடைய முகங்களைப் போன்ற முகமூடி அணிந்த வேறு நான்கு இசைக்கலைஞர்கள். கூட்டம் ஆரவாரம் செய்த பிறகே உண்மையான நால்வர் தென்படுவார்கள். பாட்டுகள் நகர நகர, தொழிலாளர்கள் அட்டைச் செங்கற்களை அடுக்கிக்கொண்டே வருவார்கள். முற்பகுதி முடியும்போது கடைசிச் செங்கல்லும் வைக்கப்பட்டு, ஏறத்தாழ 40 அடி உயரச் சுவர் அரங்கின் அகலத்தை அடைத்து நிற்கும். பிற்பகுதியின் பெரும்பகுதியில் இசை அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்துதான் வரும். 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டில் வாட்டர்ஸ் சுவருக்கு முன்னால் நின்று பாட, திடீரென்று சுவரின் உச்சியில் விளக்கு எரியும். அங்கே கில்மர் நின்று பாடுவார், பின்னர் கிட்டார் வாசிப்பார். கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கணத்தை நான் பழைய ஒளிப்பதிவுகளில்தான் பார்த்திருக்கிறேன். மங்கிய படத்திலும் அது மெய்சிலிர்க்க வைக்கிறது. இறுதியில் சுவர் இடிந்து விழும். இசைக்கலைஞர்கள் சிறிய வாத்தியங்களோடு இடிபாடுகளுக்கு முன்னால் வந்து மென்மையாகப் பாடிவிட்டுச் செல்வார்கள். சுவர் விழுந்த பிறகு மக்களோடு நேருக்கு நேர் நிற்கும் அந்தச் சிறிய முடிவுக்காகவே மற்ற எல்லாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வருத்தமான செய்தியையும் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் பதிவின்போது வாட்டர்ஸின் வற்புறுத்தலால் ரைட் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அந்தக் கச்சேரிகளில் சம்பளம் பெறும் கலைஞராகவே வாசித்தார். கச்சேரிகள் பெரும் நட்டத்தில் முடிந்தன. நட்டம் மற்ற மூவருக்கும் உரியது, ரைட்டுக்கோ பேசிய சம்பளம் கிடைத்தது.

கேள்வி: வாட்டர்ஸ் போன பிறகு அந்தப் பெயரில் இயங்கியது உண்மையான பிங்க் ஃப்ளாய்ட்தானா? (வாசகர், சேலம்)

பதில்: 1987இல் வந்த 'எ மொமெண்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' ஆல்பத்தைக் கேட்கும்போது எனக்கும் இந்த ஐயம் வரும், அது கில்மரின் தனி ஆல்பத்தைப் போலவே ஒலிக்கிறது. 1994இன் 'தி டிவிஷன் பெல்' அப்படியல்ல. அதில் ரைட் முழு உறுப்பினராகத் திரும்பி, பாட்டுகளை உருவாக்குவதிலும் பங்கேற்றார். அதன் கடைசிப் பாட்டான 'ஹை ஹோப்ஸ்' இந்தக் குழுவின் மிகச் சிறந்த பாட்டுகளின் வரிசையில் தயங்காமல் வைக்கத்தக்கது. அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் சில இரவுகள் 'டார்க் சைட்' முழுவதையும் வாசித்தார்கள். லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் எடுத்த அந்த ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது, அவசியம் பாருங்கள்.

கேள்வி: 'எக்கோஸ்' பாட்டை இனி மேடையில் கேட்க முடியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 1971 அக்டோபரில், இத்தாலியின் பொம்பெயி நகரிலுள்ள பழைய ரோமானிய வட்டரங்கில், ரசிகர்களே இல்லாமல், காலிக் கற்படிகளுக்கு முன்னால் இவர்கள் அதை வாசித்தார்கள். ஏட்ரியன் மேபன் அதைப் படமாக்கினார். இரண்டாகப் பிரிக்கப்பட்ட 'எக்கோஸ்' அந்தப் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும். கில்மரும் ரைட்டும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு இணைந்து பாடும் பாட்டு அது. இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று இழைந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் ஒலிக்கும். 2006இல் கில்மர் தம்முடைய சொந்தச் சுற்றுப்பயணத்துக்கு ரைட்டை அழைத்துச் சென்று, போலந்தின் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளம் உட்படப் பல மேடைகளில் இருவருமாக அதை வாசித்தார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று ரைட் மறைந்தார். அவர் இல்லாமல் அந்தப் பாட்டை வாசிக்கப் போவதில்லை என்று கில்மர் முடிவெடுத்துவிட்டார். 2016 ஜூலையில் அதே பொம்பெயி வட்டரங்குக்குக் கில்மர் திரும்பிச் சென்று இரண்டு இரவுகள் வாசித்தபோது, இம்முறை அரங்கில் ரசிகர்கள் கூடி நின்றார்கள். 'மெடில்' ஆல்பத்தின் முதல் பக்கத்திலுள்ள 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாட்டை வாசித்தார். இரண்டாம் பக்கத்தை வாசிக்கவில்லை.